வெள்ளைக்கொடிப் பாத்திகள்

உங்களுக்கு என்னையும் தெரியாது, பூலம்மாளையும் தெரியாது. நியாயம் சொல்ல அதைவிட வேறென்ன தகுதி வேண்டும், அக்கா? தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அம்மா ‘போகட்டும் விடு’ என்கிறாள். விடுதியில் என் அறைக்காரி ‘உனக்கு எல்லாமே வாதம்தான்’ என்கிறாள். வாதம் செய்வது குற்றமா? மூன்று வருஷம் கல்லூரிப் பட்டிமன்றத்தில் கோப்பை வாங்கியவள் நான். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். ஆனால் இதில் இரண்டு பக்கமே கிடையாது. ஒரே பக்கம்தான். இந்தப் பேருந்து போய்ச்சேர்வதற்குள் முழுசாகச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். டவுனில் காய்கறிக்கடை வைத்திருக்கிறேன் என்றீர்களே, அப்படியானால் முக்கால்வாசி உங்களுக்கு ஏற்கெனவே புரியும்.

என் பெயர் ஆவுடைச்செல்வி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. செம்மண்குளத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ‘பாசிப் பிள்ளை’ என்றுதான் பெயர். ‘பாசிப் பிள்ளை வந்துட்டா’, ‘பாசிப் பிள்ளைக்கு ஒரு டீ’. முதலில் கோபம் வந்தது. பிறகு விட்டுவிட்டேன். பாசிதானே என் வேலை.

முகம் சுளிக்காதீர்கள். குளத்துப் படியில் வழுக்குமே, அது இல்லை. அதற்குத் தூரத்துச் சொந்தம். நுண்பாசி. ஒரு சொட்டில் லட்சக்கணக்கில் இருக்கும், தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பச்சைப்பட்டாணி கொட்டினதுபோல் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். தொட்டியில் வளர்த்தால் தண்ணீர் கீரை வேகவைத்த சாறு மாதிரி ஆகிவிடும். அதை மண்ணில் தெளித்தால் மேல்மண்ணில் ஒரு மெல்லிய தோல் கட்டும். அதன் பசை மண்துகளைப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேருக்கும் நல்லது. உப்புத் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து வெள்ளை பூத்துப்போன மண்ணுக்கு இதைவிட மலிவான மருந்து வரப்போவதில்லை. இது என் நம்பிக்கை இல்லை, அக்கா. மண்சட்டிகளில் இரண்டு வருஷம் வளர்த்து எடை போட்டுப் பார்த்திருக்கிறேன். சட்டியில் வந்தது வயலிலும் வருமா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் ஒரு வயல் தேவைப்பட்டது.

ஐந்து பேரிடம் கேட்டேன். ஐந்து பேரும் மறுத்தார்கள். மருந்துக்காக இல்லை. பாதி நிலத்தில் மருந்து போடாமல் விட வேண்டும் என்றேன் இல்லையா, அதற்காக. ‘நல்லதுன்னா முழுசுக்கும் போடு, கெட்டதுன்னா எதுக்குமே போடாத’ என்றார் ஒருவர். கடைசியில் உச்சிமாகாளி அண்ணாச்சிதான் ஒப்புக்கொண்டார். பூலம்மாளின் கணவர். அறுபது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். கிணற்றை ஒட்டின துண்டைக் காட்டி, ‘இது உவர் பட்ட இடம், உனக்குத் தோதுப்படும்’ என்றார். இரண்டு பேரும் மிச்ச நிலத்திலும் உள்ளிதான் போட்டிருந்தார்கள். நாம் சின்ன வெங்காயம் என்று எழுதுவதை அங்கே உள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நீங்களும் கடையில் அப்படித்தானே சொல்வீர்கள்.

கிணற்றடியில் பாசி வளர்க்க ஒரு தொட்டி வைத்தேன். பன்னிரண்டு பாத்தி பிடித்தோம். எல்லாம் ஒரே அளவு. ஆறுக்குப் பச்சைத் துணியில் கொடி, ஆறுக்கு வெள்ளைத் துணியில் கொடி. பச்சைக்கொடிக்கு வாரம் ஒருமுறை பாசித் தண்ணீர். வெள்ளைக்கொடிக்கு அதே அளவு வெறும் தண்ணீர். ஏன் வெறும் தண்ணீர்? இல்லாவிட்டால் ‘நீ தெளித்த தண்ணீரால்தான் வளர்ந்தது, பாசியால் இல்லை’ என்று எவனாவது கேட்பான். நானே கேட்பேன்.

இதைப் பூலம்மாளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். வரப்பில் உட்காரவைத்து, குச்சியால் கோடு போட்டு. அவள் கேட்டுக்கொண்டே கோரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முடித்ததும் சொன்னாள்: “ஆறு பேருக்கு எலையில சோத்தப் போட்டுட்டு, பக்கத்துலயே ஆறு பேர வெறும் எலையோட உக்கார வைக்கச் சொல்லுதியே பிள்ளே. இது என்ன பந்தி?”

இது பந்தி இல்லை, சோதனை என்றேன். பந்தியில் பசி தீர்க்கிறோம், சோதனையில் உண்மை கண்டுபிடிக்கிறோம் என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். மேடையில் சொல்லியிருந்தால் கைத்தட்டல் கிடைத்திருக்கும்.

“அப்பம் அந்த வெறுந்தண்ணிய மருந்து மாதிரியே தெளிக்கியே, அது?”

சமநிலைக்காக என்றேன்.

“செடிய ஏமாத்தவும் பெரிய படிப்பு வேணும் போல” என்றாள். களை பறிக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். படிக்காதவர்களோடு ஒரு அளவுக்குமேல் வாதாடக்கூடாது, அது நமக்குத்தான் அசிங்கம். புரிந்துகொண்டாள் என்று நினைத்துவிட்டேன். தலையை ஆட்டினாளே.

தை பத்தாம் தேதி நட்டோம். ஏழாம் நாள் முதல் தெளிப்பு. விடியக்காலை முதல் பேருந்தில் வந்துவிடுவேன். வெயில் ஏறுவதற்குமுன் தெளித்துவிட்டு, டிரம்மையும் ஸ்பிரேயரையும் மூன்றுமுறை கழுவுவேன். பாசி ஒட்டிக்கொண்டிருந்தால் காய்ந்து நாறும், அடுத்த வாரத் தெளிப்பில் அளவு பிசகும். கழுவின தண்ணீரை எடுத்துப்போய் ஓடைக்கரை உடைமரத்தின் மூட்டில் கொட்டிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் பூலம்மாள் அந்தத் தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ரெண்டு குடம் இருக்கும். வெளிறின பச்சையில், வடிகட்டின கீரைத் தண்ணீர் மாதிரி. ‘உடைமரம் கேட்டுச்சாக்கும்’ என்று ஒருநாள் முனகினாள். மாசி வெயிலில் அவர்கள் கிணற்றில் மோட்டார் அரைமணி நேரம்தான் ஓடும். பிறகு காற்றுதான் வரும். இரண்டு குடம் என்றால் அங்கே அது தண்ணீர்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் என்ன செய்ய முடியும்?

இருபத்தெட்டாம் நாள். அந்த நாளை மறக்கமாட்டேன். வந்து இறங்கிப் பார்த்தால், பச்சைக்கொடிப் பாத்தியில் உள்ளித்தாள் விரல் மொத்தத்தில் நிமிர்ந்து நிற்கிறது. வெள்ளைக்கொடியில் நுனி கருகி, மண் வெடித்து, உப்புப் பூத்துக் கிடக்கிறது. சட்டியில் வந்தது அப்படியே வயலில் வந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெடிப்பு தெரிகிற மாதிரி மண்டிபோட்டுப் படம் எடுத்தேன். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தேன். சாருக்கு அனுப்பினேன். சார் என்றால் என் வழிகாட்டி. அவர் உடனே கைகூப்பின படம் போட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் பூலம்மாள்.

“வாடினதப் பாத்தாக்கும் சிரிக்கே?” என்றாள்.

திட்டவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். நான் விளக்கப்போனேன். இது வாடினதால் சந்தோஷம் இல்லை, வித்தியாசம் தெரிந்ததால் சந்தோஷம் என்றேன். அவள் அதற்குள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாருங்கள், வாதத்தின் நடுவில் எழுந்து போகிறவர்களோடு என்னதான் செய்வது?

அன்றிலிருந்துதான் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவிகளுக்கு நான் செய்முறை வகுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. ஒன்பது மணிக்கு வகுப்பு. ஏழு நாற்பது பேருந்தைப் பிடித்தால்தான் போக முடியும். அதனால் தெளிப்பை மட்டும் நான் செய்துவிட்டு, கழுவுகிற வேலையைப் பூலம்மாளிடம் விட்டேன். தெளிவாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்றுமுறை கழுவ வேண்டும். கழுவின தண்ணீரைத் தப்பித்தவறியும் பச்சைக்கொடிப் பாத்தியில் ஊற்றிவிடக்கூடாது, அளவு கூடிவிடும். வேறு எங்கே வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

என்ன, அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, பொறுங்கள். நான் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஐம்பதாம் நாள் பக்கம் வெள்ளைக்கொடிப் பாத்தி தேறிவிட்டது. கருகின நுனி அப்படியே நிற்க, நடுவிலிருந்து புதுத் தாள் பச்சென்று வருகிறது. வெடிப்பு மூடிவிட்டது. குனிந்து பார்த்தால் மண்மேல் மெல்லிசாக ஒரு பச்சை. ஒரு சிமிட்டா மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய் லேபில் பார்த்தேன். பச்சைப்பட்டாணி. என்னுடைய பாசி. ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டிய ஆறு பாத்தியும் யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

நீங்கள் நான் இருந்த இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாப்பிட்டது, ஒரு பக்கம் சாப்பிடாதது என்றால்தான் ஒப்பிட முடியும். இரண்டும் சாப்பிட்டுவிட்டால் என்ன சொல்வேன்? பாசியால் வளர்ந்ததா, எருவால் வளர்ந்ததா, அந்த இடமே நல்ல இடமா? ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று வருஷம் அக்கா. ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. இந்த வயலில் வித்தியாசம் தெரிந்தால்தான் அடுத்து நாற்பது ஊருக்குத் திட்டம் போகும். தெரியாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள்.

யார் ஊற்றியிருப்பார் என்று யோசித்தேன். இரண்டு வாரம் முன்னால்தான் உச்சிமாகாளி அண்ணாச்சி என்னிடம் ஒரு கேன் பாசித் தண்ணீர் கேட்டிருந்தார், தன் அண்ணன் மிளகாய்த் தோட்டத்துக்கு. கிடையாது என்றிருந்தேன். கேட்டவர், கிடைக்காதவர், தொட்டிக்குப் பக்கத்திலேயே படுக்கிறவர். வேறு யார்? நேராகப் போனேன். களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது, ஐந்து பெண்கள். பூலம்மாளும் அவர்களோடுதான் குனிந்திருந்தாள். எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது. எல்லார் முன்னாலும்தான் கேட்டேன்.

“ஒருத்தருக்குச் சொந்தமானதை அவருக்குத் தெரியாமல் எடுத்தால் அதற்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள் அண்ணாச்சி.”

அவர் மண்வெட்டியை ஊன்றினார். பெண்கள் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

“சரிம்மா. நாந்தான்னு வச்சுக்கோ” என்றார். “வெயில் ஏறுதுல்லா. அவங்க களை பறிக்கட்டும்.”

இதற்குமேல் என்ன வேண்டும்? ஒப்புக்கொண்டாயிற்று. அன்றைக்கே தொட்டிக்கு மரச்சட்டத்தில் மூடி செய்து பூட்டுப் போட்டேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில். ஊர் சும்மா இருக்குமா? அவர் டீக்கடையில் போய் உட்கார்ந்தால், ‘பாசிக்கு ஒரு டீ போடுப்பா, சீனியப் பூட்டி வச்சிட்டுப் போடு’ என்பார்களாம். நாலு நாள் போனார். ஐந்தாம் நாள் போகவில்லை. அந்த வார முடிவில் தென்காசியில் மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளி எடுக்கிற சமயத்தில் எந்தச் சம்சாரியாவது வயலைப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போவானா? அவர் போனார். அதையும் குற்ற உணர்ச்சி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் வேடிக்கை. அவர் ஊரில் இல்லை. தொட்டி பூட்டிக் கிடக்கிறது. சாவி என் கழுத்தில். அப்படியும் வெள்ளைக்கொடிப் பாத்தி வாரத்துக்கு வாரம் செழித்துக்கொண்டே போகிறது. காற்றில் வருகிறதா என்று பார்த்தேன். வாய்க்கால் வழியாகப் போகிறதா என்று பார்த்தேன். நத்தைமேல்கூடச் சந்தேகப்பட்டேன். டிரம்மை மட்டும் வழக்கம்போல் பூலம்மாளிடம் கழுவக் கொடுத்துவிட்டு ஏழு நாற்பது பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

நேற்று உள்ளி எடுத்தோம். அவளும் இரண்டு கூலிப் பெண்களும் நானும். பாத்தி பாத்தியாகப் பிடுங்கி, தாள் அரிந்து, தராசில் போட்டேன். பச்சைக்கொடி முதல் பாத்தி ஒன்பது கிலோ இருநூறு. அடுத்தது எட்டு எண்ணூறு. வெள்ளைக்கொடி முதல் பாத்தி எட்டுத் தொள்ளாயிரம். அடுத்தது ஒன்பது நூறு. மூன்றாவது ஒன்பது முந்நூறு. நான் தராசைத் தட்டிப் பார்த்தேன். கல்லை மாற்றிவைத்துப் பார்த்தேன்.

பூலம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “வெள்ளைக்கொடியும் கொறையல, பாத்தியா” என்றாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. “கழுவுன தண்ணிக்கே இம்புட்டுக் குடுத்துட்டு.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீங்களா ஊற்றினீர்கள் என்றேன். நாந்தான் என்றாள். மறைக்கிற குரலே இல்லை. அரிசி கழுவின தண்ணீரை மாட்டுக்கு வைத்தாயா என்றால் எப்படிச் சொல்வாளோ, அப்படி.

“மருந்த நான் தொடல பிள்ளே. டிரம்மு கழுவுன தண்ணிதான். நீதான சொன்ன, பச்சைக்கொடில ஊத்தாதிய, வேற எங்க வேணும்னாலும் ஊத்துங்கன்னு. காஞ்சு கெடந்தது அந்த ஆறு பாத்திதான. குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல ஓடைக்கரை உடைமரத்துக்கா கொண்டுபோய் ஊத்துவாக?”

அப்படியானால் அண்ணாச்சி ஏன் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று கேட்டேன்.

“நான் ஊத்துதத அவுக பாத்திருக்காக” என்றாள். “நீ எம் பேரச் சொல்லிக் கேட்டுருவியோன்னு முந்திக்கிட்டாக. நாலு பொம்பளைய முன்னால.”

நீங்கள் அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீ பாசியக் களவாண்டதாக் கேட்ட. நான் கழுவுன தண்ணியல்லா ஊத்துனேன். ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு இப்பம்தான தெரியுது.” ஒரு உள்ளியை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு, “அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும் போல” என்றாள்.

இதுதான் அக்கா நடந்தது. இப்போது சொல்லுங்கள். ‘வேறு எங்கே வேண்டுமானாலும்’ என்றால், சோதனைக்கென்று கொடி நட்டு ஒதுக்கிவைத்த பாத்தியும் அதில் சேருமா? வீட்டுக்கு வந்தவரிடம் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்றால் அடுப்பின்மேல் உட்காருவாரா? அதெல்லாம் சொல்லாமலே தெரிய வேண்டாமா?

அவரிடம் மன்னிப்புக் கேட்டாயா என்கிறீர்கள். யாரிடம், அண்ணாச்சியிடமா? அவர்தானே ஒப்புக்கொண்டார். செய்யாததைச் செய்தேன் என்பது பொய் இல்லையா? அந்தப் பொய்யால்தானே பதினெட்டு நாள் நான் தப்பான ஆளைச் சந்தேகித்தேன். கணக்குப் பார்த்தால் அவர்தான் என்னிடம்... சரி, அது கிடக்கட்டும். தென்காசி எந்தப் பக்கம் இருக்கிறது, நான் எந்தப் பக்கம் போகிறேன். இன்று நாலு மணிக்குள் அறிக்கை சாரின் மேசையில் இருக்க வேண்டும்.

சார் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாக ஒன்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நேற்றே போனில் எல்லாவற்றையும் சொன்னேன். எடைகளை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு சொன்னார்: “வயல்ல நடந்தது விபத்தும்மா. உன்கிட்ட சட்டிச் சோதனை எண் இருக்குல்ல, பாசி போடாத சட்டி. அதைப் பாத்தி அளவுக்குப் பெருக்கி வெள்ளைக்கொடிக்கு எழுது. பொய்யா எழுதுறோம்? உண்மையைத்தான் எழுதுறோம். வேற இடத்து உண்மை.”

பெருக்கினால் பாத்திக்கு ஆறு கிலோ சொச்சம் வருகிறது. ஆறு நூறு, ஐந்து தொள்ளாயிரம், ஆறு நானூறு, இப்படி. தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆறு பாத்தியையும் யாரும் தொடாமல் விட்டிருந்தால் அவ்வளவுதான் வந்திருக்கும். வந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன். இதனால் யாருக்கு நஷ்டம்? நாற்பது ஊருக்குப் பாசி போகும். பூலம்மாளுக்கே வீட்டு வாசலில் ஒரு தொட்டி கிடைக்கும்.

என்ன கேட்கிறீர்கள்? கழுவின தண்ணீர் எவ்வளவு காட்டம் இருக்கும் என்றா? பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆமாம், அந்தப் பத்தில் ஒன்றுக்கும் ஒன்பது கிலோ வந்திருக்கிறது. ஆமாம், முழுசாகப் போட்டதற்கும் ஒன்பதுதான். அப்போது கொஞ்சம் போட்டாலே போதும் என்றுதானே ஆகிறது என்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது, அக்கா. உங்கள் கடைக்கணக்கு இங்கே செல்லாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சோதனை திட்டமிட வேண்டும், எத்தனை பங்கு என்று அளந்து ஊற்ற வேண்டும், ஊற்றாத பாத்தியும் வேண்டும். ஒரு பெண்பிள்ளை குடத்தைச் சாய்த்ததெல்லாம் ஆராய்ச்சி ஆகாது. இன்னொரு பருவம் எடுத்துச் செய்து பார்க்கலாமே என்றால், என் காலம் முடிகிறதே. அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ஒரு நிமிஷம். போன். பூலம்மாள்தான்.

...

பார்த்தீர்களா. காலையிலிருந்து மூன்றாவது தடவை. பக்கத்திலேயே இருந்தீர்கள், உங்களுக்கே பாதி கேட்டிருக்கும். ராத்திரி யோசித்தாளாம். தன்னால் என் படிப்பு கெட்டுவிடக்கூடாதாம். பூலம்மாள்தான் ஊற்றினாள் என்று பட்டவர்த்தனமாக எழுதச் சொல்கிறாள், கையெழுத்துப் போடுகிறாளாம், வேண்டுமானால் பல்கலைக்கழகத்துக்கே வந்து சாரிடம் சொல்கிறாளாம். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு ஒன்று கேட்டாள், அதுதான் எனக்குச் சிரிப்பு. அந்த அறிக்கையில் ஒரு நகல் வேண்டுமாம். ‘அவுக பாசிய எடுக்கலன்னு அதுல இருக்கும்லா. டீக்கடையில யாரையாவது வாசிக்கச் சொல்லணும். அப்பம்தான் அவுக ஊருக்கு வருவாக.’

ஆராய்ச்சி அறிக்கையை டீக்கடையில் வாசிப்பதாம். அதில் யார் பெயருமே வராது என்று எப்படிச் சொல்வது? வெள்ளைக்கொடிப் பாத்தியில் யாரும் எதையும் ஊற்றவில்லை என்றுதான் அதில் இருக்கப்போகிறது. யாரும் ஊற்றவில்லை என்றால் யாரும் எடுக்கவில்லை என்றுதானே பொருள்? இல்லையா? ஆங்கிலத்தில் இருக்கும், உங்களுக்குப் புரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் நான் அவளைக் காப்பாற்றுகிறேன். ஒரு சோதனையைக் கெடுத்தவள் என்று அவள் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன். இதை யார் அவளுக்கு விளக்குவது?

இன்னும் ஒரே ஒரு சிக்கல். என் காலடியில் இருக்கிற சாக்கு. பாத்திக்கு இருபது உள்ளி வீதம் பன்னிரண்டு துணிப்பை. மாதிரி என்று லேபில் ஒப்படைக்க வேண்டும். வெள்ளைச் சீட்டுக் கட்டின ஆறு பை இருக்கிறதே, அதை யாராவது தராசில் வைத்தால் என் கணக்கு நிற்காது. வழியில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பேருந்தில் எதுதான் தொலையாது? நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா. சும்மாதான் தருகிறேன். பூச்சிமருந்து படாத உள்ளி, சாம்பாருக்கு அப்படியே போடலாம், கடையிலும் போடலாம். சீட்டை மட்டும் அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

என்ன செய்கிறீர்கள்?

ஒரு கையில் பச்சைச் சீட்டு, ஒரு கையில் வெள்ளைச் சீட்டு. தூக்கித் தூக்கிப் பார்க்கிறீர்கள். கண்ணை வேறு மூடிக்கொள்கிறீர்கள். கை எடை தப்பாது என்று உங்களுக்குப் பெருமை இருக்கும், இருக்கட்டும். இரண்டும் ஒரே கனம் என்கிறீர்கள். அது எனக்குத் தெரியாதா, அக்கா? நான்தானே நிறுத்தேன்.

வேண்டாமா? ஏன் வேண்டாம்? யார் வீட்டு உள்ளி என்று சொல்லி விற்பது என்றா கேட்கிறீர்கள்? யார் வீட்டுதாய் இருந்தால் என்ன, வாங்குகிறவர்கள் ஜாதகமா கேட்கப்போகிறார்கள். சரி. வேண்டாம் என்றால் வையுங்கள். வேறு யாராவது வாங்கிக்கொள்ளாமலா போவார்கள்.

நான் எழுதிவிடுகிறேன். பேச்சுக்குப் பேச்சு நேரம்தான் போகிறது. இந்த அட்டையை மடியில் வைத்துக்கொள்கிறேன், பேனா இருக்கிறது. இதோ அட்டவணை. பச்சைக்கொடி வரிசை நேற்றே முடித்துவிட்டேன். வெள்ளைக்கொடி வரிசைதான் காலி. ஆறே ஆறு எண்.

முதல் பாத்தி, ஆறு கிலோ நூறு. எழுதியாயிற்று.

இரண்டு. ஐந்து தொள்ளாயிரம். ஒன்பது கொஞ்சம் கோணிவிட்டது, பரவாயில்லை, வாசிக்கலாம்.

மூன்றாவது பாத்தி. இதுதான் ஒன்பது முந்நூறு வந்த பாத்தி. இருபத்தெட்டாம் நாள் நான் மண்டிபோட்டுப் படம் எடுத்தது இதைத்தான். ஆறு நானூறு என்று போட வேண்டும். ஆறு...

இல்லை, கோடு கோடாய் இழுக்கிறது. அடித்துத் திருத்தினால் அசிங்கமாகத் தெரியும். இந்த ரோட்டில் பேருந்தை எவன்தான் இப்படி ஓட்டுவான், என்ன குலுக்கல் குலுக்குகிறது. ஒரு எண் எழுத முடிகிறதா பாருங்கள். எங்கேயாவது ஒரு நிமிஷம் நின்றால் எழுதி முடித்துவிடுவேன்.

என்ன?

நின்றா இருக்கிறது?

டிரைவர் எங்கே? ஓ, டீ குடிக்கிறாரா. இது மானூரா. எப்போது நின்றது, அக்கா?

அவ்வளவு நேரமாகவா?